வீட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டியவள்

செலினுக்கு அம்மா எழுதுவது.

நேற்று மாதா கோயிலில் பூசை முடிந்து ஏரிக்கரை வழியாக நடந்து வரும்போது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அண்ணன் மெட்ராசுக்கு வரச் சொல்றான். கோயம்புத்தூர்லருந்து வேலைக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்து கெடக்கு. நீங்க என்ன சொல்றீங்களோ அப்பிடியே செய்றேம்மா" என்றாய். நான் குடையை மடக்கிக்கொண்டே, மழை வருவதற்குள் கறி வாங்கிவிட வேண்டும் என்று என்னவோ சொன்னேன். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. நேரில் பேச உட்கார்ந்தால் பாதியில் நீ "சரி, விடுங்கம்மா" என்பாய். உன்னுடைய அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ விஷயங்களிலிருந்து தப்பித்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாகப் பள்ளி ஆபீசில் அடுத்தவர்களின் கடிதங்களை இங்கிலீஷில் டைப் அடித்தவள், சொந்த மகளுக்கு எழுதும்போது கையால் எழுத வேண்டியிருக்கிறது. நீ கட்டிய கம்ப்யூட்டரில் தமிழ் வராது. மணிக்கட்டு வலிக்கிறது, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கேள்விக்குப் பதில் கடைசியில் இருக்கிறது. அவசரமாக அங்கே போய்விடாதே. அதற்கு முன்னால் நான் செய்த சில காரியங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். அவற்றில் சில உனக்குத் தெரியும், ஒன்று தெரியாது. தெரியாததை முதலில் சொல்கிறேன். எங்கள் இங்கிலீஷ் பள்ளியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளை ஒருவருக்குப் பள்ளிச் சம்பளம் வாங்காமல் இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தில் உன் அண்ணன் அந்தோணியைச் சேர்த்தோம். நீ பிறப்பதற்கு முன்பே எடுத்த முடிவு போல அது நடந்துவிட்டது. எழுபத்துநாலில் உனக்குப் பள்ளி வயது வந்தபோது உன் அப்பாதான் சொன்னார், "அந்தத் தலைமை சிஸ்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. ரெண்டாவது பிள்ளைக்குப் பாதிச் சம்பளம்னாலும் நான் லாரியில ஒரு லோடு கூட ஓட்டிக் கட்டிருவேன்." நான் கேட்டேன் என்றும் அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் அவரிடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லை. பொம்பளைப் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி போதும் என்று நினைத்தேன். ஒரே ஆபீசில் இரண்டு சலுகை கேட்டு நிற்க வெட்கமாகவும் இருந்தது. நான்கு வருடத்தில் உன் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்தப் பொய்யோடுதான் போனார். நீ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் புத்தகம் படித்ததற்குக் காரணம் பள்ளிக்கூடத்தின் விதி என்று இத்தனை நாள் நினைத்திருப்பாய். அந்த விதி நான்தான்.

அந்தப் புத்தகங்கள் வந்த கதை உனக்குத் தெரியும். கணக்கு சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார ஆசிரியர் ஊருக்குத் திரும்பும்போது இரண்டு சாக்கு நிறைய எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளை ஆபீஸ் வாசலில் போட்டுவிட்டுப் போனார். அடுப்புக்கு ஆகும் என்று நான் எடுத்து வந்தேன். நீ ஒன்றைக்கூட எரிக்க விடவில்லை. அப்போது நீ பதினொன்றாம் வகுப்பு. பிளஸ் டூ முடித்தபோது இரண்டு சாக்கையும் படித்து முடித்திருந்தாய். அந்த வருடம்தான் என் வலது மணிக்கட்டு வீங்கி, டாக்டர் ஆறு மாதத்துக்கு டைப்ரைட்டரைத் தொடாதே என்றார். பகலில் பள்ளி வேலை, சாயந்திரம் வீட்டில் ஆராய்ச்சி மாணவர்களின் கட்டுரைகள். ஒரு பக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். வரியைச் சேர்த்ததில் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் அத்தியாயம் முழுவதையும் அடிக்க வேண்டும். "ஒரு தடவ அடிச்சதத் திரும்ப அடிக்க வேண்டியதில்லாத மெஷின் இருக்கும்மா" என்று நீ சொன்னாய். வாங்க முடியாத விலை என்றேன். "வாங்குனாத்தான் அந்த வெல. தனித்தனியா வாங்கி நம்மளே கட்டுனா பாதிதான் ஆகும்" என்றாய். அதற்கும் பணம் ஏது என்று கேட்டேன். அப்பா விட்டுப்போன பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை நீதான் நினைவுபடுத்தினாய். அது உன் நகைக்கு என்று ஒதுக்கி வைத்தது. "என் காசுதானே? நான்தானே சொல்றேன், எடுங்க" என்றாய். பதினெட்டு வயது உனக்கு.

சாப்பாட்டு மேசையில் பட்டியல் போட்ட அந்த ஒரு வாரத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அப்போது அந்தோணி மதுரையில் கல்லூரி முடித்து, இரண்டு பாடத்தில் தேறாமல் வீட்டில் இருந்தான். அவன் கலர் மானிட்டர் வேண்டும் என்றான், விளையாடும் கைப்பிடி வேண்டும் என்றான். கடைசியில் இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இல்லாமல் கம்ப்யூட்டர் என்று சொன்னால் ஊர் சிரிக்கும் என்றான். நீ சண்டை போடவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு, "எதக் கொறைக்கவே கூடாதுன்னு மொதல்ல எழுதுவோம். மத்தது தானா கொறையும்" என்றாய். குறைக்கக் கூடாதவை என்று நீ எழுதியது மூன்று. முதலாவது, நல்ல ஸ்டெபிலைசர், ஏனென்றால் நம் ஊர்க் கரண்டு காற்றடித்தால் விழும், நின்றால் எகிறும். இரண்டாவது, ஆரஞ்சு எழுத்துத் தெரியும் மானிட்டர், பச்சையைவிட அது என் கண்ணுக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தாய். மூன்றாவது கீபோர்டு. கடையில் இருப்பதிலேயே நல்ல கீபோர்டாக வாங்க வேண்டும் என்றாய். "கீபோர்டுக்கு எதுக்குடி அம்புட்டுக் காசு?" என்று அந்தோணி கேட்பதற்கு முன்னால் நான்தான் கேட்டேன். "உள்ள இருக்கிறதெல்லாம் மெஷினு தொடுறதும்மா. ஒங்க வெரலு தொடுறது இது மட்டுந்தான்." ஹார்ட் டிஸ்க் கிடையாது, அதற்குப் பதில் இரண்டு ஃபிளாப்பி டிரைவ். ஒன்றில் புரோகிராம் ஓடும், மற்றதில் என் பக்கங்கள் சேரும். பிரிண்டர், யாரோ பயன்படுத்திப் போட்டது. பெட்டி வாங்கப் போவதே இல்லை, செய்யப் போகிறோம்.

மெட்ராசுக்கு நாம் மூன்று பேரும் போனோம். கொடைரோட்டில் ரயில் ஏறும்போதே உனக்குக் காய்ச்சல் போல இருந்தது, சொல்லாமல் வந்தாய். ரிச்சி தெருவில் நாம் சாமான் வாங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். கேள்வியெல்லாம் நீ கேட்டாய், பதிலெல்லாம் அவர் அந்தோணிக்குச் சொன்னார். "மெமரி எவ்வளவு போடுற போர்டுங்க?" என்று நீ கேட்டால், "தம்பி, ஆறு நாப்பது வரைக்கும் போடலாம்பா, நீ அதையே போட்டுக்க" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அவன் உன் முகத்தைப் பார்ப்பான். "ஐநூத்துப் பன்னெண்டு போதும்ங்க. சாக்கெட்டு காலியா கெடக்கட்டும், பின்னாடி போட்டுக்கலாம்" என்று நீ சொன்னதும், அவர் மறுபடியும் அவனிடம், "சரி தம்பி, உன் இஷ்டம்" என்றார். மெமரி சிப்புகளை நீ ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தாய், பதினெட்டு. ஒன்பது ஒன்பதாக ஏன் என்று நான் கேட்டதற்கு, எட்டு சிப் எழுத்தை வைத்திருக்கும், ஒன்பதாவது அந்த எட்டும் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் என்றாய். அந்தக் கடையில் உனக்கு நடந்ததை நான் அப்போது தவறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உலகம் அப்படித்தான் என்றிருந்தேன்.

பெட்டியை வத்தலக்குண்டில் டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் செய்தோம். அளவெல்லாம் நீ அட்டையில் வெட்டிக் கொண்டுபோயிருந்தாய். "இதுல என்னம்மா வைக்கப் போறீங்க, இம்புட்டு ஓட்டை கேக்குறீங்க?" என்றார். "காத்து வேணும்ணே. உள்ளாற சூடு ஏறும்" என்றாய். அவர் கல்யாணப் பெட்டிக்கு அடிக்கும் பச்சைப் பெயின்டையே அதற்கும் அடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மேசையில் எதையும் வைக்கவிடாமல் பரப்பிப் பொருத்தினாய். சுவிட்சைப் போட்டபோது ஒரே நீளமாக ஒரு சத்தம் வந்தது, திரையில் ஒன்றும் இல்லை. அந்தோணி "ஏமாத்திட்டான் கடைக்காரன்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்.  உன் கழுத்தில் கிடக்க வேண்டியது அத்தனையும் அந்தப் பச்சைப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று நினைத்தேன். நீ மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாய். மறுநாள் மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடி எதிர்வீடு தெரியாமல் இருந்த நேரத்தில், ஒரு சிப்பின் கால் ஒன்று சாக்கெட்டுக்குள் போகாமல் அடியில் மடங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தாய். என் கொண்டை ஊசியை வாங்கி அதை நிமிர்த்தினாய். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு துடித்தது. நீ கத்தவில்லை, குதிக்கவில்லை. "அம்மா, வந்து அடிச்சுப் பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாய்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில் ஒரு சாயந்திரம், தாண்டிக்குடியிலிருந்து அந்தக் காப்பித் தோட்டத்து முதலாளி ஜீப்பில் வந்தார். அவருடைய தோட்டத்தைப் பற்றிய அறிக்கை ஒன்றை அடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். கொடுத்த பிறகு மூன்று முறை திருத்தினார். மூன்று முறையும் ஒரு மணி நேரத்தில் திருத்திக் கொடுத்ததும், என்ன மாயம் இது, பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்தார். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "டிரங்குப் பெட்டிக்குள்ள கம்ப்யூட்டரா! யாரும்மா பண்ணது?" என்று கேட்டார். நீ அப்போது அடுக்களையிலிருந்து காப்பி டம்ளரோடு வந்துகொண்டிருந்தாய். அந்தோணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான், "என் மகன்தாங்க" என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை, செலின். ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடிக்குள் எல்லாவற்றையும் யோசித்தேன். இவர் பெரிய மனிதர், இவருக்கு ஆள் தெரியும். இவனுக்கு இருபத்துமூன்று வயது, இரண்டு பாடம் நிற்கிறது, கையில் வேலை இல்லை. இவள் கல்யாணமாகிப் போகப்போகிறவள், இவளுக்கு இந்தப் பெயர் எதற்கு? இத்தனையும் யோசித்துத்தான் சொன்னேன். நீ டம்ளரை அவர் முன்னால் வைத்தாய். "சீனி போதுமாங்கய்யா?" என்று கேட்டாய். அவர் குடித்துவிட்டுப் போதும் என்றார். அந்தோணியின் தோளைத் தட்டி, மெட்ராசில் தன் மைத்துனர் கம்ப்யூட்டர் கட்டி விற்கும் கம்பெனி வைத்திருப்பதாகவும், இப்படிப்பட்ட பையன்களைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அந்தோணி எழுந்து நின்றான். அவன் முகம் சிவந்திருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்தப் பார்வையும் என் கணக்கில்தான் சேரும்.

அவன் மெட்ராசுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நீ மெஷினைக் கழற்றிப் போட்டு அவனைத் திரும்பக் கட்டச் சொன்னாய். முதல் தடவை அவனுக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. தப்பாகச் செருகினால் கையைத் தட்டிவிடுவாய். "ஏண்ணே, எதப் புடிச்சாலும் மொதல்ல பிளக்கப் புடுங்கு. எத்தன தடவ சொல்றது!" ஐந்தாவது முறை அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டான். அடுக்களையில் நீ தனியாக இருந்தபோது நான் வந்து கேட்டேன், "நீ ஏண்டி இம்புட்டுப் பாடுபட்டு அவனுக்குச் சொல்லிக் குடுக்குற?" நீ பாத்திரம் விளக்கிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "அங்க போயி அவன் முழிச்சான்னா, நீங்க சொன்னது பொய்யினு ஆயிருமேம்மா." அதில் கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. கரித்துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்தேன்.

அவன் போன பிறகு வந்த முதல் தை மாதத்தில் மெஷின் காலையில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் சில நாள் வரும், சில நாள் அந்த நீளச் சத்தம்தான். நீ மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்து ஒவ்வொரு சிப்பாகப் பார்த்தாய். எல்லாமே சாக்கெட்டிலிருந்து ஒரு நூல் மேலே எழும்பியிருந்தன. பகலில் மெஷினின் சூட்டில் விரிந்து, நம் ஊர்க் குளிரில் சுருங்கி, நாள்பட நாள்பட அவை தானாக மேலே ஏறிவிடுகின்றன என்று சொன்னாய். எந்தப் பத்திரிகையிலும் நீ அதைப் படிக்கவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தியதும் 'டக், டக்' என்று உட்கார்ந்தன. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வெள்ளனே எழுந்து அவற்றை அழுத்துவது உனக்கு ஒரு சோலியாகிவிட்டது. இதை அந்தோணிக்கு எழுதினாயா என்று கேட்டேன். மெட்ராஸ் வெக்கையில் அவனுக்கு இது தேவைப்படாது என்றாய்.

தேவைப்பட்டது. அடுத்த வருடம் தாண்டிக்குடி முதலாளி தன் தோட்டத்து ஆபீசுக்கு மைத்துனர் கம்பெனியிலிருந்தே நான்கு மெஷின் வாங்கினார். மார்கழியில் வந்தவை தையில் ஒவ்வொன்றாக நின்றன. கம்பெனி அந்தோணியை அனுப்பியது. அவன் நேராக வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் நின்றான். "எல்லா போர்டும் மாத்திப் பாத்தாச்சு செலின். மெட்ராஸ்ல ஓடுது, மேல கொண்டாந்தா நிக்குது. நீயும் வா" என்றான். முதலாளி தன் கிளார்க்குக்கு டைப் வேலையைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி என்னை ஏற்கனவே கூப்பிட்டிருந்தார். மூன்று பேரும் அவர் அனுப்பிய ஜீப்பில் போனோம்.  நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, கடவுளே யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேன். எப்படிப்பட்ட வேண்டுதல் பார்.

ஆபீசில் முதலாளி, இரண்டு கிளார்க்குகள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எல்லோரும் நின்றார்கள். "வாப்பா, நீ வந்தா சரியாயிரும். உன் கையால செஞ்சத நான் பாத்தவனாச்சே" என்றார் முதலாளி. அந்தோணி பெட்டியைத் திறந்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். "செலின், நீ பாரு" என்றான். நீ முன்னால் வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கட்டைவிரலால் வரிசையாக அழுத்தினாய். 'டக், டக்' என்று அந்த அறை முழுவதும் கேட்டது. மூடாமலே சுவிட்சைப் போட்டாய். மெஷின் வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. நான்கும் அரை மணி நேரத்தில் ஓடின. முதலாளி சிரித்துக்கொண்டு, "அடேயப்பா! தங்கச்சிக்கும் சொல்லிக் குடுத்திருக்கியேப்பா" என்று அந்தோணியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான், "இல்லைங்கய்யா. இவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. எங்க வீட்டு மெஷினையும் இவதான் கட்டுனா. நான் சும்மா கூட இருந்தேங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "என்னம்மா, அன்னைக்கு நீங்க…" என்று நிறுத்தினார். அப்போதாவது நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மகனே உண்மையைச் சொல்லிவிட்டான், நான் தலையாட்டினால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு பேருந்தாங்க சேந்து பண்ணாங்க" என்றேன். முழுப் பொய்யைப் பாதிப் பொய்யாக்கி வைத்தேன். அப்போதுதான் நீ ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாய். "இல்லைங்கய்யா. நான்தான் பண்ணேன்" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் உன் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்ப இனிமே இதுகளப் பாத்துக்கிற பொறுப்பு ஒனக்குத்தான். மாசத்துக்கு ரெண்டு தடவ ஜீப்பு அனுப்புறேன், வருவியாம்மா?" என்றார். வருவேன் என்றாய். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

திரும்பும்போது அந்தோணி முன்சீட்டில் டிரைவரோடு பேசிக்கொண்டே வந்தான். அத்தனை லேசாக அவனை நான் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை. பொய்யைச் சுமந்தது நீ மட்டும் இல்லை, அவனும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, தினமும் பிடிபடுவோமோ என்று பயந்துகொண்டே போகும் ஒரு வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாயுள்ள பிள்ளை என்று விற்பனைக்கு மாற்றியது, அதில் நன்றாகவே முன்னுக்கு வந்தான். நீ இந்த ஒரு வருடத்தில் ஆறு தோட்டங்களுக்கும் இரண்டு ஹோட்டல்களுக்கும் போய் வருகிறாய். அந்தத் தோட்டங்கள் ஒன்றில் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் உன் வேலையைப் பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதும், நீ தனியாகப் போய்த் திரும்பி வந்து "அஞ்சு பேருல நான் ஒருத்திதான் பொம்பளப் பிள்ள" என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. இவ்வளவு நடந்தும் நான் உன்னிடம் ஒருநாளும் அந்த ஆகஸ்டு மாதத்துச் சாயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. நீயும் பேசவில்லை. நம் வீட்டில் எல்லாம் "சரி, விடுங்கம்மா"தான்.

இப்போது அந்தோணியின் கடிதம். உனக்கு எழுதியது போக எனக்குத் தனியாக ஒன்று எழுதியிருந்தான், அதை உன்னிடம் காட்டவில்லை. கம்பெனியை விட்டுவிட்டு மெட்ராசில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை பிடித்திருக்கிறான். மாடியில் இரண்டு அறை, நாம் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். அங்கே குளிர் இல்லை, என் மணிக்கட்டுக்கு நல்லது. "செலின் உள்ள உக்காந்து வேலையப் பாத்துக்கட்டும், வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சொன்னா அவ கேப்பாம்மா" என்று எழுதியிருக்கிறான். அவன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவனுக்கு உன்மேல் உயிர். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறையும் சந்தோஷமாகவே படித்தேன். ஒரே வீடு, ஒரே உலை, இரண்டு பிள்ளைகளும் கண்முன்னால். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான். இந்த மஞ்சில் தனியாகக் கிடக்க எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. மூன்றாவது முறை படிக்கும்போதுதான் 'உள்ள உக்காந்து' என்ற இடத்தில் நின்றேன். அப்படி ஒரு இடத்தை உனக்கு முதலில் காட்டியவள் நான். அவன் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

இன்று காலையில் அவனுக்குப் பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். செலினிடம் நான் சொல்லப் போவதில்லை, நீயும் கேட்காதே, வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள் என்று எழுதினேன். வருத்தப்படுவான். பிறகு சரியாகிவிடுவான், என்னைவிட நேர்மையானவன். நீ கோயம்புத்தூருக்குப் போ. நான் சொன்னேன் என்பதற்காகப் போகாதே. எனக்காக மெட்ராசுக்குப் போகாதே. அவ்வளவுதான் நான் சொல்வது. மன்னிப்பு கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. மெஷின் இங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமை மூடியைத் திறந்து சிப்புகளை அழுத்த நானே பழகிக்கொள்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடுவேன்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. வேலைக்குக் கூப்பிட்டு வந்த அந்தக் கடிதத்தை நேற்றுத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். அடித்தவர் யாரோ, அவசரத்தில் அடித்திருக்கிறார். உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'திரு. செல்வின்' என்று இருக்கிறது. நீ கவனித்திருப்பாய், போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாய். விடாதே. டைப் அடிக்கிறவள் சொல்கிறேன், முதல் தாளில் விழுந்த பெயர்தான் அடுத்த தாளுக்குப் போகும், அங்கிருந்து ரெஜிஸ்டருக்கு, சம்பளப் பட்டியலுக்கு. போன அன்றைக்கே, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், ஆபீசில் நின்று, உன் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக அடித்த கடிதத்தை வாங்கிக்கொள். அதன் பிறகு கையெழுத்துப் போடு.

அம்மா